முட்டையைக் கழுவுவதா, கோழிக்கு ஊசி போடுவதா: சால்மோனெல்லாத் தடுப்பில் நான்கு வழிகள்

கோழிமுட்டை வழியாகப் பரவும் சால்மோனெல்லா நோயைத் தடுப்பதில் உலக நாடுகள் ஒரே அறிவியலைக் கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வணிகத்துக்கு வரும் முட்டைகள் கழுவப்பட்டுக் குளிரில் வைக்கப்படுகின்றன. பிரிட்டன் கோழிக்குத் தடுப்பூசி போடுவதை நம்பியிருக்கிறது. ஸ்வீடன் தொற்று கண்ட கோழிக்கூட்டத்தையே அப்புறப்படுத்துகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட சில இந்திய மாநிலங்கள், பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸைத் தடை செய்து, நோயை உணவுக்கடையின் வாசலில் நிறுத்தப் பார்க்கின்றன. இந்த நான்கில் எது மேலானது என்பதை எடைபோட, கிருமி முட்டைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெடுங்காலமாக முட்டையால் வரும் நோய்க்கு ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சமும் ஓட்டில் விழுந்த விரிசலுமே காரணம் என்று கருதப்பட்டது. 1980-களில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவிய சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்னும் வகை அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. இந்தக் கிருமி கோழியின் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் குடியேறி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் இடம் பிடித்துவிடுகிறது. கோழியோ நோயின் அடையாளம் எதுவும் இன்றி வழக்கம்போல் தீனி எடுத்து முட்டையிடுகிறது. அந்த முட்டையும் சுத்தமாக, விரிசலின்றி, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. பண்ணைக்காரரும் கடைக்காரரும் வாங்குபவரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லாத நிலையை இது ஏற்படுத்தியது.

உள்ளே நுழைந்த கிருமி உடனே பெருகிவிடுவதும் இல்லை. வெண்கருவில் உள்ள லைசோசைம் என்னும் நொதி கிருமிகளைத் தாக்குகிறது. அங்குள்ள மற்றொரு புரதம் இரும்புச்சத்தைக் கட்டி வைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. கிருமி பெருகத் தேவையான சத்து பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அதைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு உறுதியாக இருக்கும்வரை கிருமி அதை எளிதில் எட்ட முடியாது. நாள் ஆக ஆகவும் வெப்பம் கூடக் கூடவும் அந்தச் சவ்வு தளர்கிறது. முட்டையின் வயதும் அது கடந்து வந்த வெப்பமும் நோயின் அளவைத் தீர்மானிப்பது இதனால்தான்.

அமெரிக்க முறையில் கழுவும் நீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸாகவும், முட்டையின் வெப்பத்தைவிட ஏறத்தாழ 11 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். முட்டையைவிடக் குளிர்ந்த நீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே வெளிநீரை, அதிலுள்ள கிருமியோடு சேர்த்து, உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதே இந்த விதியின் காரணம். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள இயற்கையான பாதுகாப்புப் படலம் சிதைகிறது. ஆகவே கழுவிய முட்டையை நன்றாக உலர்த்தி 7.2 டிகிரி அல்லது அதற்குக் கீழான குளிரில் வைத்தே விற்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ இந்தப் படலத்தைக் காப்பதே முக்கியம் என்று கருதி, முதல் தர முட்டைகளைக் கழுவக் கூடாது என்று பொதுவிதி வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்று மூடநம்பிக்கை என்பதுபோல் பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஒழுங்காகக் கழுவி, உலர்த்தி, அறுபடாத குளிரில் வைத்தால் அமெரிக்க முறை ஓட்டின் மேலுள்ள கிருமிகளைக் குறைக்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும் கழுவாத முட்டையைவிடக் கழுவிய முட்டையே மோசமாகிறது.

ஆனால் ஓட்டைத் தேய்ப்பது உள்ளே இருக்கும் என்டெரிடிடிஸை எதுவும் செய்வதில்லை. அமெரிக்க முறையில் உள்ளிருக்கும் கிருமிக்கு எதிராக உண்மையில் வேலை செய்வது குளிர் மட்டுமே. அதுவும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 20,000 முட்டைகளில் ஒன்றில் இந்தக் கிருமி இருக்கலாம் என்பது அங்கே பரவலாக எடுத்தாளப்பட்ட மதிப்பீடு. வீட்டில் இரண்டு முட்டை உடைப்பவருக்கு இது மிகச் சிறிய அபாயம். நாள்தோறும் 500 முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்துக் கலக்கும் பெரிய சமையற்கூடத்துக்கோ, அதே கணக்கின்படி சராசரியாக 40 நாளுக்கு ஒருமுறை முழுக் கலவையும் கிருமியேறியதாகிவிடும். மொத்தச் சமையலின் இந்தக் கணக்கு இந்த விவாதம் முழுவதற்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். 1994-இல் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வழியாக ஏறத்தாழ 2,24,000 பேரைத் தாக்கிய பெருநோய், கிருமிநீக்கம் செய்யாத முட்டைக் கலவையை ஏற்றிச் சென்ற டேங்கர் லாரிகளிலேயே பின்னர் ஐஸ்கிரீம் கலவையையும் ஏற்றியதால் நேர்ந்தது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் புதிய விதியைக் கொண்டுவந்தது. கண்காணிப்பில் உள்ள தாய்க்கோழிப் பண்ணைகளிலிருந்தே குஞ்சு வாங்க வேண்டும், எலியைக் கட்டுப்படுத்த வேண்டும், கோழிக்கூடத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், இட்ட 36 மணி நேரத்துக்குள் முட்டையைக் குளிருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் விதித்த அந்த நிர்வாகம், தடுப்பூசியை மட்டும் கட்டாயமாக்கவில்லை. அதன் பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று அப்போது கருதியது. பெரிய பண்ணைகளுக்கு விதி நடைமுறைக்கு வந்தது 2010 ஜூலையில். அதே கோடையில் ஐயோவா மாநிலப் பண்ணைகளிலிருந்து போன முட்டைகளால் ஏறத்தாழ 1,900 பேருக்கு நோய் கண்டது பதிவாகி, 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. சான்று போதவில்லை என்று ஒரு நாடு சொன்ன அதே காலத்தில் மற்றொரு நாட்டில் அந்தச் சான்று பத்தாண்டுக்கு மேலாகக் குவிந்துகொண்டிருந்தது என்பதுதான் வேதனையானது.

அந்த நாடு பிரிட்டன். அங்கே 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கறி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. இரு வாரங்களில் அவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, தொற்றுள்ள முட்டைக்கோழிக் கூட்டங்களைக் கட்டாயமாக அழிக்கும் ஆணை வந்தது. ஆனால் 1993-இல் அது கைவிடப்பட்டது. 1998-இல் முட்டைத் தொழில்துறையே சிங்க முத்திரைத் திட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, அந்த முத்திரை வேண்டுவோர் கோழிக்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997-இல் என்டெரிடிடிஸின் மிகப் பரவலான PT4 என்னும் உட்பிரிவால் நோயுற்றதாகப் பதிவானவர்கள் 14,771 பேர். 2009-இல் 581 பேர். இந்தச் சரிவு முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதுவது பிழை. குஞ்சு முதல் முட்டை வரை தடம் பின்பற்றும் பதிவு, பண்ணைச் சுகாதாரம், ஒவ்வொரு முட்டையிலும் அச்சிட்ட தேதி ஆகியவையும் உடன் வந்தன. எனினும் கோழியின் சினைப்பையில் கிருமி குடியேறுவதைக் குறைக்கும் ஒரே கருவி இவற்றுள் தடுப்பூசிதான் என்பதால், முதன்மைப் பங்கு அதற்கே என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2017 அக்டோபரில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் சிங்க முத்திரை பெற்ற முட்டையை அரைவேக்காட்டிலும் உண்ணலாம் என்று தன் அறிவுரையை மாற்றியது.

தடுப்பூசிக்கும் எல்லை உண்டு. ஊசி போட்ட கோழியிலும் தொற்று முற்றிலும் ஒழிவதில்லை. வெளியேறும் கிருமியின் அளவும் முட்டைக்குப் போகும் வாய்ப்பும் குறைகின்றன. மேலும், அது தன் நாட்டுக் கோழியை மட்டுமே காக்கும். 2002 முதல் சில ஆண்டுகள் பிரிட்டனில் மீண்டும் தலைகாட்டிய நோய்க்கு, உணவகங்கள் வாங்கிய ஸ்பெயின் நாட்டு முட்டைகள் காரணமாக இருந்தது கண்டறியப்பட்டது.

ஸ்வீடனின் வழி இதற்கு நேர் எதிரானது. 1953-இல் ஆல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் அங்கே 9,000 பேர் நோயுற்றனர், ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். அதன் விளைவாக 1961-இல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டம் தாய்க்கோழியின் தலைமுறையிலிருந்தே சோதித்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இனப்பெருக்கக் கோழிகளைத் தனிமையில் வைக்கிறது. கிருமி கண்டால் கூட்டத்தை அழித்துக் கூடத்தைக் கழுவிக் கிருமிநீக்குகிறது. ஊசி போடுவதில்லை. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது, தங்கள் நாட்டுக்குள் வரும் முட்டையும் இறைச்சியும் சால்மோனெல்லாச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற சிறப்பு உறுதியை ஸ்வீடனும் பின்லாந்தும் பெற்றன. விளைவை மட்டும் பார்த்தால், நான்கில் இதுவே முதலிடம் பெறத் தகுந்தது.

அப்படியானால் அதே அழிப்பு முறை பிரிட்டனில் ஏன் நான்கே ஆண்டில் கைவிடப்பட்டது? தொற்று அபூர்வமாக இருக்கும் நாட்டில் ஒரு கூட்டத்தை அழித்தால் கிருமியின் இருப்பிடமே போய்விடுகிறது. தொற்று பரவிவிட்ட நாட்டில் அழித்த இடத்துக்கு வரும் புதிய கோழிகளும் அதே கூடத்தில் அதே கிருமியைப் பெறுகின்றன. இதில் எலிக்கு உள்ள பங்கைப் பலர் கவனிப்பதில்லை. தொற்றுள்ள பண்ணையின் சுண்டெலி போடும் ஒரே ஒரு புழுக்கையில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். கூடத்தைக் கழுவி முடித்த பிறகும் சுவரிடுக்கில் இருக்கும் எலி புதிய கூட்டத்துக்கு நோயைக் கொண்டுசேர்க்கிறது. டென்மார்க் இதைப் பொறுமையாக வென்றது. 1990-களின் நடுவில் நோய் மிகுந்திருந்த நிலையிலேயே தொடங்கி, கிருமிக்கு எதிராகக் கோழியின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தை அதன் இரத்தத்திலும் முட்டையிலும் தேடும் சோதனையை அடிக்கடி நடத்தி, அரசுப் பணத்தோடு ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தது. இந்தச் சோதனை முறைக்கும் தடுப்பூசிக்கும் ஒத்துப்போவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஊசி போட்ட கோழியின் இரத்தத்திலும் அதே எதிர்ப்புப் புரதம் இருக்கும் என்பதால், தொற்று எது, ஊசி எது என்று பிரிப்பது கடினமாகிவிடுகிறது. ஆகவே இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது: முட்டைக்கோழிக் கூட்டங்களில் தொற்று 10 சதவீதத்துக்குக் குறையாத நாடுகளில் 2008 முதல் ஊசி கட்டாயம், மற்றவர்களுக்கு விருப்பம். 2004-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த ஒன்றியத்தின் மனித சால்மோனெல்லா நோய்க் கணக்கு, 2014-இல் 90,000-க்குக் கீழே வந்தது.

நான்காவது வழி நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. மயோனைஸ் என்பது மஞ்சள் கருவை எண்ணெயோடு அடித்துச் செய்வது; அடுப்பையே பார்ப்பதில்லை. பல முட்டைகள் ஒன்றாகக் கலக்கின்றன, கலவை நம் ஊர் வெப்பத்தில் கடையில் மணிக்கணக்கில் நிற்கிறது. நான் முன்னே சொன்ன 500 முட்டைக் கணக்கு இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே தடையின் குறி சரியானது, செலவும் குறைவு. முட்டையில்லா மயோனைஸும், கிருமிநீக்கம் செய்த முட்டைக் கலவையும் மாற்றாகக் கிடைக்கும்போது கடைக்காரருக்கும் பெரிய இழப்பில்லை. ஆனால் இந்த வழியில் பண்ணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரைவேக்காட்டு ஆஃப்பாயில், முட்டை உடைத்த கையோடு தொட்ட சட்னிக் கரண்டி, கலக்கிய பாத்திரத்தைக் கழுவாமல் மறுபடி பயன்படுத்துவது ஆகியவற்றுக்கு அது பதில் சொல்லாது.

நாமக்கல் வட்டாரம் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகிறது. அந்த முட்டை பெரும்பாலும் குளிரூட்டாத லாரியில் ஏறி, குளிரூட்டாத கடையில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு விற்கப்படுகிறது. இந்த நிலையில் அமெரிக்க முறையை அரைகுறையாகப் பின்பற்றி முட்டையை மட்டும் கழுவத் தொடங்கினால் அது தீங்காகவே முடியும்; கழுவாத ஓட்டின் படலமே இப்போதைக்கு நமக்குள்ள பாதுகாப்பு. வீட்டிலும் முட்டை வாங்கியதும் குழாயடியில் கழுவி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, சமைக்கும் முன் மட்டும் தேவையானால் கழுவலாம். குளிர்ப்பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்து வியர்க்கவிட்டு மறுபடி உள்ளே வைப்பதும் கூடாது, ஏனெனில் அந்த ஈரத்தில் கிருமி ஓட்டின் துளைகளை எளிதில் கடக்கிறது. ஸ்வீடனின் அழிப்பு முறைக்கு வேண்டிய இழப்பீட்டுப் பணத்தையும் இடைவிடாத சோதனையையும் இவ்வளவு பெரிய உற்பத்திக்கு ஏற்பாடு செய்வது உடனே நடக்கக்கூடியது அல்ல. பிரிட்டனின் வழிதான் நம் சூழலுக்கு மிக அருகில் இருக்கிறது: குளிர்சாதன வசதியை நம்பாமல் கோழியிடமே தடுப்பது, அதைத் தொழில்துறை தன் பெயரைக் காக்கத் தானே ஏற்று நடத்துவது. பிற கோழிநோய்களுக்கு ஊசி போடும் பழக்கம் நம் பண்ணைகளில் ஏற்கெனவே இருக்கிறது. தாய்க்கோழிப் பண்ணைகளில் என்டெரிடிடிஸ் சோதனையையும் ஊசியையும் முதலில் கொண்டுவந்து, கூடங்களில் எலியை ஒழித்து, முட்டையில் இட்ட தேதியை அச்சிடுவதுவரை போனால், மயோனைஸ் தடையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்பதைவிட அதிகப் பேரைக் காக்க முடியும். அதுவரை அந்தத் தடை தொடர்வதே நியாயம்.