சேபாவா, அங்குயிலாவா: நடக்க விரும்புபவரின் பார்வையில்

கரீபியனில் சின்ட் மார்ட்டின் வரை போய்விட்டவர்கள் அடுத்து யோசிப்பது, அங்கிருந்து எந்தச் சிறு தீவுக்குப் போகலாம் என்பதைத்தான். வடக்கே பிரித்தானிய ஆட்சிப் பகுதியான அங்குயிலா இருக்கிறது. தெற்கே நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியான சேபா இருக்கிறது. இரண்டிலும் தங்க விடுமுறை போதாது என்பதால் நான் சேபாவில் தங்கினேன். அங்குயிலாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு சேபாவின் பக்கமே சாய்ந்திருக்கும்.

கடற்கரைதான் நோக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்குயிலாதான். ஷோல் பே, மீட்ஸ் பே ஆகியவற்றின் வெண்மணலுக்கு ஈடாகச் சேபாவில் காட்ட எதுவும் இல்லை. எரிமலையிலிருந்து பிறந்த அந்தத் தீவின் வெல்ஸ் பே பகுதியில் மட்டும் ஆண்டின் சில மாதங்களில் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து, பின்னர் தாமே அள்ளிச் சென்றுவிடுகின்றன. போய்ச் சேர்வதிலும் அங்குயிலாவே எளிது. சின்ட் மார்ட்டின் தீவின் பிரெஞ்சுப் பகுதியில் உள்ள மரிகோவிலிருந்து படகில் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். சேபாவுக்குப் படகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும், கடலும் குலுக்கும். சிறு விமானம் கால் மணிக்குள் கொண்டுசேர்த்துவிடும் என்றாலும், அது இறங்குவது ஏறத்தாழ 400 மீட்டர் நீளமே உள்ள, இரு முனைகளிலும் பாறைச் சரிவு கடலில் இறங்கும் ஓடுபாதையில் என்பதைத் துணிச்சல் குறைந்தவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் சேபாவை நான் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே: அங்கே வாடகைக் கார் இல்லாமல், கால்களை மட்டும் நம்பித் தீவைப் பார்த்துவிடலாம். அங்குயிலா ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளம் உடையது. பொதுப் பேருந்து கிடையாது. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் டாக்சி வேண்டும், அல்லது உள்ளூர்த் தற்காலிக உரிமம் பெற்றுக் காரை இடப்பக்கமாக ஓட்ட வேண்டும். நடக்கலாமே என்றால், அது நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத சுண்ணாம்புத் தட்டை நிலம். குத்துச்செடிகள் தரும் நிழல் முழங்காலுக்கு மேல் எட்டாது.

சேபாவின் பரப்போ 13 சதுர கிலோமீட்டர்தான். அதைவிட முக்கியமானது, அங்குள்ள நடைபாதைகள் பலவும் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல என்பது. 1940-கள் வரை அத்தீவில் வண்டி ஓடும் சாலையே இல்லை. லேடர் பே கரையில் இறங்கிய அரிசி மூட்டை முதல் மரச்சாமான் வரை எல்லாவற்றையும், பாறையில் வெட்டிய சுமார் 800 படிகள் வழியாக மனிதர்களே தலையில் சுமந்து ஏற்றினார்கள். இந்தச் செங்குத்தில் சாலை சாத்தியமே இல்லை என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்ததாகவும், அதன்பின் உள்ளூர்க்காரரான ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் அஞ்சல்வழியில் பொறியியல் படித்துவிட்டுப் பணியைத் தொடங்கியதாகவும் தீவில் சொல்கிறார்கள். முதல் பகுதி 1943-இல் முடிந்தது. சாலை வந்த பிறகும் ஊர்களை இணைத்த பழைய பாதைகள் அழிந்துவிடவில்லை. அவற்றைச் சேபா பாதுகாப்பு அறக்கட்டளை இன்றும் பராமரிக்கிறது. அதனால் ஹெல்ஸ் கேட் பகுதியிலிருந்து சாண்டி குரூஸ் பாதையில் மழைக்காட்டு நிழலிலேயே நடந்து, தலைநகரான த பாட்டத்தை நோக்கி இறங்கலாம். திரும்பும்போது கால் ஓய்ந்தால் சாலையோரம் நின்று கை காட்டினால் போதும். யாராவது ஏற்றிக்கொள்வார்கள், அங்கே அது அன்றாட வழக்கம்.

வின்ட்வர்ட்சைட் ஊருக்கு மேலேயிருந்து 1,064 படிகள் ஏறினால் சீனரி மலை உச்சி. நெதர்லாந்து அரசின் மிக உயரமான இடம் இதுவே. உச்சியை நெருங்கும்போது பெரணி மரங்களும் பாசி போர்த்திய கிளைகளும் மேகத்துக்குள் நிற்கின்றன. படிகள் வழுக்கும், உச்சிக்காட்சி கிடைப்பதும் மேகத்தின் தயவைப் பொறுத்ததே. பாதையில் குறுக்கிடும் செவ்வயிற்றுப் பாம்பு மனிதருக்குத் தீங்கற்றது. எனினும் என் மனைவி அதை முழுமையாக நம்பவில்லை.

சேபாவுக்கு வருபவர்களில் பலர் 1987 முதல் பாதுகாக்கப்படும் அதன் கடற்பகுதியில் முக்குளிக்கவே வருகிறார்கள். எனக்கு முக்குளிக்கத் தெரியாது என்பதால் அதை நான் எடைபோடவில்லை. அங்குயிலாவின் இரவு உணவகங்களையும் இசையையும் பகலில் மட்டும் போனவன் மதிப்பிடுவது முறையாகாது. விடுதிச் செலவைப் பொறுத்தவரை, நான் தேடிப்பார்த்த அளவில் அங்குயிலாவே கையைக் கடித்தது.

முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு செல்பவர்களும் அங்குயிலாவையே தேர்ந்தெடுக்கலாம். சேபாவில் தங்கும் விடுதிக்கே படியேற வேண்டியிருக்கும். மற்றவர்கள் வின்ட்வர்ட்சைட்டில் அறை எடுப்பது வசதி, ஏனெனில் பெரும்பாலான பாதைகளுக்கு அங்கிருந்தே நடந்து போய்விடலாம். பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய இரவைச் சின்ட் மார்ட்டினில் கழிப்பதாகத் திட்டமிடுங்கள்; காற்று மிகுந்தால் சேபாவின் விமானமும் படகும் ஒரே நாளில் நின்றுபோகக்கூடும்.