வாடை மழைக்கு எந்த டோர்ச்?

2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய் பக்கமாகக் கரையைக் கடந்தது இரவில். திருகோணமலையில் டோர்ச் உயிர்காக்கும் பொருளாவது அப்படிப்பட்ட இரவுகளில்தான். அதற்கு முன் மாதக்கணக்கில் உப்புக் காற்றில் அலுமாரிக்குள் சும்மா கிடந்திருக்கும். ஆகவே வெளிச்சத்தை விட, சும்மா கிடந்தும் கெடாமல் இருக்குமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

சுவர்ப் பிளக்கில் செருகி மின்னேற்றும் ஈய அமிலப் பற்றரி டோர்ச் இதில் தோற்றுவிடுகிறது. மின்னிறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்றுப் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் ஏற்றினாலும் சில நிமிடங்களில் மங்கிவிடும். மாதம் ஒருமுறை தவறாமல் ஏற்றுபவர் மட்டும் வாங்கலாம்.

லித்தியம் அயன் டோர்ச் எடை குறைவு, ஒளி அதிகம், கிடப்பில் மின் இழப்பும் குறைவு. தம்பலகாமத்தில் இரவில் வயல் வரம்பில் நடப்பவருக்கு இதையே சொல்வேன். பாதி மின்னேற்றத்தில் வைத்து, ஒக்டோபர் பிறந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். பற்றரி உப்பியிருந்தால் மறுபடி ஏற்றவே கூடாது. ஆனால் கரண்ட் நாட்கணக்கில் வராவிட்டால், தீர்ந்த பற்றரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் வீட்டு அவசரத்துக்கு என் தேர்வு, இரண்டு பெரிய பற்றரி போடும் எல்இடி டோர்ச். தீர்ந்தால் புதியதைப் போட்டு எரிக்கலாம், கெட்டாலும் நாமே திருத்தலாம். ஒரே நிபந்தனை: பற்றரிகளைக் கழற்றித் தனியே, டோர்ச்சின் பக்கத்திலேயே வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் பலவீனமானது கசியும்.

எரியவில்லையா? பின்பக்கம் சுவிட்ச் உள்ள உலோக டோர்ச் என்றால் மூடியைக் கழற்றி, பற்றரியின் அடியையும் உடலின் பூச்சில்லாத விளிம்பையும் ஒரு கம்பியால் இணையுங்கள். எரிந்தால் கோளாறு மூடியில்: சுருள்வில்லில் துரு, அல்லது சுவிட்ச். துருவை மென்மையான உப்புத்தாளால் தேயுங்கள். எரியாவிட்டால் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டு, பஞ்சில் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடையுங்கள், நுரைத்துக் கரையும். சாதாரணக் கார்பன் பற்றரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்கு அப்பச்சோடாக் கரைசல். பின்னர் ஈரத்துணியால் துடைத்து, முற்றாக உலர்ந்த பிறகே பற்றரியைப் போடுங்கள்.