மோட்டார் தானாக நிற்க: மிதவை சுவிட்சா, சென்சார் கம்பியா?

தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்சுக்கு உப்புத் தண்ணீர் பொருட்டே இல்லை. அது கெடுவது மின்சாரத்தால். 1 எச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் பல மடங்கு. அது நேராக மிதவை வழியே போனால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. நடுவில் ஒரு காண்டாக்டர் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) போட்டு, அதன் காயிலை இயக்கும் வேலையை மட்டும் மிதவைக்குக் கொடுங்கள். எலக்ட்ரீசியன்கள் பலர் விட்டுவிடுவது இதைத்தான். சின்னத் தொட்டியில் மிதவை சுவரிலோ குழாயிலோ சிக்காமல் வயரைக் கட்ட வேண்டும்.

சென்சாரில் மூன்று எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பிகள்: நீளமானது பொது, நடுவில் இருப்பது ஆன், குட்டையானது ஆஃப். தண்ணீர் தொட்டதும் கம்பிகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் பாயும். போர் தண்ணீரில் குட்டைக் கம்பி மேல் வெள்ளையாக உப்பு படிந்தால், தொட்டி நிரம்பியது மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டிக்குத் தெரியாது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகும். சம்பிலும் கம்பி இறக்கினால், தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதையும் அதே பெட்டி தடுக்கும்.

போர் தண்ணீர் வீட்டுக்கு மிதவையும் காண்டாக்டரும். சம்பில் குழாய்த் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்கு சென்சார்.