பெட்டியில் இருக்கும் '72 சிசி'யை நம்பி மரம் அறுக்கும் மிஷின் வாங்காதீர்கள்

மழைக்காலம் நெருங்குகிறது. வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் பக்கம் மரம் வெட்டும் வேலை எடுத்துச் செய்பவர்கள் புது மிஷினுக்கு அலைவது இப்போதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஊரில் பாதி மரங்களைச் சாய்த்துப் போட்டபோது மிஷின் இல்லாமல் தவித்தது யாருக்கும் மறக்கவில்லை. அந்தத் தவிப்பை வைத்துத்தான் சில கடைகள் காசு பார்க்கின்றன. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் 72 சிசி, 3.9 கிலோவாட், 5.2 கிலோ, 22 இஞ்ச் பார் என்று இருந்தது. சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு, கிலோவாட் அதன் பவர், பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. "ஜெர்மன் மிஷின் வர்ற அதே ஃபேக்டரிண்ணே, பேர் மட்டும்தான் வேற. பவர் அதே, வெயிட் ஒரு கிலோ கம்மி. நாள் பூரா தூக்கினாலும் தோள் வலிக்காது" என்றார் கடைக்காரர். முப்பத்திரண்டாயிரம் ரூபாய்.

அந்த 'ஒரு கிலோ கம்மி'யில்தான் ஏமாற்றே இருக்கிறது. ஜெர்மன் கம்பெனியான ஸ்டிலின் எம்எஸ் 382 மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 72.2 சிசி, 3.9 கிலோவாட், எடை 6.2 கிலோ. அதற்கு முந்தைய 381-க்கும் பவர் அதேதான், எடை 6.6 கிலோ. ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி 70.7 சிசி, அதுவும் ஆறு கிலோவுக்கு மேல்தான். இந்த எடையெல்லாம் பெட்ரோல், பார், செயின் சேர்க்காமல் சொல்வது. இன்ஜினின் அடிக்கூடான கிரேங்க்கேஸை எடை குறைந்த மெக்னீசியத்தில் வார்த்தும் இவ்வளவு வருகிறது. அதே பவரில் ஒரு கிலோ குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், உள்ளே இருக்கிற இன்ஜினே சின்னது என்றுதான் அர்த்தம்.

பெரம்பூரில் ஒரு பழைய வீட்டில் சாய்ந்து நின்ற தூங்குமூஞ்சி மரம். கிளை கழிக்கும்வரை மிஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. அடிமரத்தில் பார் பாதி இறங்கியதும் செயின் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, செயின் நகரவில்லை, கிளட்ச் தீய்ந்த வாடை. செயின் புதுசு, பல் கூர்மையாகத்தான் இருந்தது. ஆயில் கலவையும் சரி, லிட்டருக்கு 20 மில்லி. அப்புறம் கொடுங்கையூரில் ஒரு போரிங் பட்டறைக்குக் கொண்டுபோய் சிலிண்டரைக் கழற்றினோம். பட்டறை அண்ணன் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, போர் 45 மில்லிமீட்டர்தான் இருக்கு" என்றார். போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் கீழிருந்து மேலே போகும் தூரம், 34. கணக்குப் போட்டால் 54 சிசி. 72 சிசி வர அதே 34 ஸ்ட்ரோக்குக்கு போர் 52 இருக்க வேண்டும். ஸ்டில் 382-இல் அப்படித்தான் இருக்கிறது. 54 சிசி இன்ஜினில் 22 இஞ்ச் பாரை மாட்டிக் கொடுத்தால் அது எப்படி அடிமரம் இழுக்கும்?

பணம் போனதைக்கூட விடுங்கள். என்னைப் பதற வைத்தது செயின் பிரேக். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் எகிறி முகத்துக்கு வரும். அந்த நொடியில் செயினை நிறுத்தத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் அந்தக் காப்பு இருக்கிறது. எங்கள் பையன் ஒருவன் மறைந்திருந்த ஒரு கிளையில் நுனியை இடித்துவிட்டான். மிஷின் எகிறியது, காப்பும் முன்னால் சாய்ந்தது, செயின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியில் கோடு விழுந்ததோடு போயிற்று. கவரைத் திறந்து பார்த்தால், காப்பு முன்னால் சாய்ந்த நிலையிலும் பிரேக் பட்டை கிளட்ச் டிரம்மைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் விரல் நகம் நுழைகிற இடைவெளி. இதைப் 'புரொஃபஷனல்' என்று எழுதி விற்பவருக்கு மனசாட்சி உண்டா?

எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாரில் செயின் ஓடும் காடி அதற்குள் அகலமாகி, செயின் பக்கவாட்டில் ஆடுகிறது. ஆயில் பம்ப் பார் நுனிவரை எண்ணெய் தள்ளவில்லை. ஸ்பேர் கேட்டால் "வந்ததும் சொல்றேண்ணே" என்கிறார்கள், வருவதே இல்லை. நல்ல கம்பெனி மிஷினில் பிஸ்டன், ரிங், ஸ்ப்ராக்கெட் எல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

வாங்குவதற்கு முன் பாரையும் செயினையும் கழற்றச் சொல்லி, பெட்ரோல் ஊற்றாமல் தராசில் வையுங்கள். 70 சிசி என்று சொல்லும் மிஷின் ஆறு கிலோவுக்குக் கீழே நின்றால் தொடவே வேண்டாம். போர், ஸ்ட்ரோக் அளவைக் கேளுங்கள். உண்மையான டீலர் புத்தகத்தைத் திறந்து காட்டுவார். அப்புறம் கடையிலேயே மிஷினைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, செயின் ஓடும்போது காப்பை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். செயின் டக்கென்று நிற்க வேண்டும். மெதுவாக ஓடி நின்றால்கூட வேண்டாம்.

பில்லையும் வாசியுங்கள். எங்களுக்குக் கொடுத்ததில் 'கார்டன் டூல் - 1' என்று மட்டும் இருந்தது. சிசி இல்லை, சீரியல் நம்பர் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது அதையே காட்டி, "72 சிசின்னு பில்லுல எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டார். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் புகாரும் செல்லாது என்றார். அது பொய். சொந்தப் பிழைப்புக்காக, தானே வேலை செய்ய வாங்கிய கருவிக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன். அடுத்து சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. பெட்டியின் படம், பட்டறையில் எடுத்த அளவு, பிரேக் பட்டையின் வீடியோ எல்லாம் வைத்திருக்கிறேன்.

இதே மாதிரி பெட்டியில் மிஷின் வாங்கியவர்கள் இருந்தால், அடுத்த வேலைக்கு எடுத்துப் போகும் முன் அந்த பிரேக்கை மட்டுமாவது சோதித்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.