ரூ. 9,400 போச்சு: நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கினால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய். டிக்கிக்குள் அணையாமல் எரிந்த ஒரு பல்புக்காக! நேற்று ராத்திரிதான் தெரிந்தது, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டை. வேலைக்கு மெட்ரோவில் போய்விடுவதால் கார் வாரம் முழுக்கத் தெருவில்தான் நிற்கும். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார். நேராக மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு பேட்டரி கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். டெஸ்டரை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. "சார், காசுக்காக சொல்லல. அம்மாவ வச்சிக்கினு போறீங்க, நடுரோட்ல நின்னுட்டா இன்னா பண்ணுவீங்க?" இந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பழசை எடுத்துக்கொண்டு புது பேட்டரிக்கு 5,600, ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) சர்வீஸ் என்று 3,800. என் பழைய பேட்டரிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. காலியான பேட்டரியை சார்ஜ் ஏற்றாமல் டெஸ்ட் செய்தால் நல்லதும் கெட்டதாகத்தான் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வியாழக்கிழமை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வண்டியை எடுத்தால் மறுபடி 'டக் டக்'. கடைக்குப் போன் அடித்தேன். "ஓனர் வெளியூர் சார்." சனிக்கிழமை நேரில் போனால், "பேட்டரி கம்பெனிதான் பாக்கணும்." வாரன்ட்டி அட்டையைப் புரட்டினால் தேதியும் இல்லை, சீலும் இல்லை. பில் என்று கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. திங்கட்கிழமை ஓனரே வாய் திறந்தார்: "வயரிங் மொத்தமா மாத்தணும், இன்னொரு ஆறாயிரம் ஆகும்." வாட்ஸ்அப்பில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

நேற்று மாமா கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வயதான எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். அவர் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, "வண்டி தூங்கட்டும்" என்று அரை மணி நேரம் பீடி பிடித்தார். அப்புறம் பார்த்தால், வண்டி சும்மா நிற்கும்போதே 0.42 ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது. 0.05-க்குள் இருக்க வேண்டுமாம். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள்விளக்கு ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.02-க்கு இறங்கியது. டிக்கி விளக்கின் சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது! 5 வாட் பல்புதான், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-ஹவர் குடித்துவிடும். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-ஹவர்தான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சுக்கு 150 ரூபாய் ஆனது. போகும்போது டார்ச் அடித்து ஆல்டர்னேட்டர் போல்ட்டைக் காட்டினார். அதன் மேல் வருஷக்கணக்கான அழுக்கு அப்படியே இருந்தது. ஸ்பேனர் படவே இல்லை! அந்த வேலைக்கு 3,800.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பேட்டரியை முழு சார்ஜ் ஏற்றிய பிறகே டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் கோத்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழைய பேட்டரியை உடனே விட்டுவிட்டும் வராதீர்கள். என்னுடையதை நேற்றே கேட்டேன், "லோடு போயிடுச்சு சார்" என்கிறார்கள்.