ஜே.சி. ரோட்டில் ‘ட்ரெய்லர் டிபிஎம்எஸ்’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கேம்பர் வேனுக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டி, அதில் ஜிப்ஸியோ பைக்கோ ஏற்றிக்கொண்டு போகும் பெங்களூர்த் தமிழர்களுக்காக இந்தப் பதிவு. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் ட்ரெய்லர் டயருக்குக் காற்றழுத்தம் காட்டும் செட் (அதுதான் டிபிஎம்எஸ்) என்று ₹13,500-க்குத் தலையில் கட்டுகிறார்கள். அது காருக்குப் போடும் சாதாரண நான்கு சென்சார் செட்தான். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகை. கூடவே ‘பூஸ்டர்’ என்று ஒரு கறுப்புப் பெட்டி தருகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தாயிற்று. உள்ளே ஒரு சிவப்பு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், இரண்டு ஒயர், கையில் எடுத்தால் கனமாகத் தெரிவதற்காக ஹாட் க்ளூ வைத்து ஒட்டிய ஓர் இரும்பு வாஷர். சிப் கிடையாது, ஆன்டெனா கிடையாது. 12 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரியும். அந்தப் பெட்டி செய்யும் வேலை அது ஒன்றுதான்.

“சார், இது லாரிக்கே போடுற செட்டு, கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதைப் போட்ட ஒரு வண்டி கிருஷ்ணகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்து, லைட் போட்டுக் காட்டிய பிறகுதான் ஓரங்கட்டினார்கள். ட்ரெய்லரின் இடது பின் டயர் கிழிந்து ரிம்மில் ஓடியிருக்கிறது. அந்த நிமிஷத்திலும் டேஷ்போர்டு திரையில் அதே டயருக்கு நேராக 36 பிஎஸ்ஐ என்று பச்சை எழுத்து நின்றது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது கடையில் சொன்ன பதில், “டயர்தான் சார் சரியில்ல”.

அந்த 36 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் இந்த ஏமாற்று முழுக்கப் புரிந்துவிடும். பேட்டரியை மிச்சப்படுத்த, இந்த சென்சார்கள் எந்நேரமும் பேசிக்கொண்டிருக்காது. அழுத்தம் நிலையாக இருக்கும்போது சில நிமிஷத்துக்கு ஒருமுறைதான் சிக்னல் அனுப்பும். காற்று சடசடவென்று இறங்கினால் மட்டும் உடனே அனுப்பும். திரை தனக்குக் கடைசியாகக் கிடைத்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். தரமான செட்டாக இருந்தால் குறிப்பிட்ட நேரம் சிக்னல் வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டுக் கோடு போட்டு பீப் அடிக்கும். மலிவு செட்டுக்கு அந்தப் பழக்கமே இல்லை. காலையில் ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டும்போது, திரையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றபோது வந்த எண்தான் அந்த 36. அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்திலிருந்து எதுவுமே முன்னால் வந்து சேரவில்லை.

ஏன் வந்து சேரவில்லை? வேன் ஆறேழு மீட்டர், ட்ரெய்லரை வேனோடு இணைக்கும் டிராபார், அதற்குப் பின்னால் ஆக்ஸில். டேஷ்போர்டிலிருந்து அளந்தால் ஒன்பது பத்து மீட்டர் வரும். திறந்த வெளியில் 433 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் நடுவில் நிற்பது முழுக்க இரும்பு: வேனின் பின்கதவு, ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர், சேஸிஸ். சென்சாரோ சக்கரத்தோடு சுற்றி, பாதி நேரம் ரிம்முக்கு அந்தப் பக்கம் மறைகிறது. ப்ளூடூத் வகை இதைவிட மோசம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ், நடுவில் தண்ணீர் டேங்க் இருந்தால் சிக்னலைக் குடித்துவிடும். காருக்கு நன்றாக வேலை செய்கிற ப்ளூடூத் செட்டை ட்ரெய்லருக்கு நம்பவே நம்பாதீர்கள்.

இதற்காகத்தான் ரிப்பீட்டர்; கடையில் ‘பூஸ்டர்’ என்று சொல்லிக் கொடுத்தது இதன் போலி. சென்சார் சொல்வதை வாங்கி, பலம் கூட்டித் திரும்ப அனுப்புகிற கருவி அது. வேனின் பின்பக்கக் கண்ணாடியின் உட்புறத்திலோ, ஃபைபர் பம்பருக்குப் பின்னாலோ, தண்ணீர் படாத இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் இக்னிஷனோடு வருகிற 12 வோல்ட் லைனிலிருந்து, 1 ஆம்ப் ஃபியூஸ் போட்டு. எலக்ட்ரீஷியன்கள் சோம்பேறித்தனமாக டெயில் லேம்ப் ஒயரில் தட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஹெட்லைட் போட்டால்தான் ரிப்பீட்டருக்கு உயிர் வரும், பகல் முழுக்கத் தூங்கும். அந்த ஒயர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ரிப்பீட்டர் அசலா என்று பார்க்க அதைப் பிரிக்க வேண்டியதில்லை. ட்ரெய்லரை மாட்டி, டிரைவர் சீட்டில் திரையை வைத்து, ஒரு சென்சாரைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். எண் வந்து சேர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு ரிப்பீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதையே செய்யுங்கள். ஃபியூஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி வருகிறது, அல்லது ஒரே மாதிரி வரவில்லை என்றால் அது வெறும் விளக்குப் பெட்டியாக இருக்கலாம். இந்தச் சோதனையை எஞ்சின் ஓட, டாஷ்கேம் ஓட, யுஎஸ்பி சார்ஜர் சொருகியிருக்கச் செய்ய வேண்டும். மலிவு சார்ஜர்களும் டாஷ்கேம்களும் கிளப்பும் இரைச்சலில் திரை செவிடாகிவிடுவதுண்டு. வண்டியை நேராக நிறுத்தி ஒருமுறை, யூ-டர்ன் அடிக்கிற மாதிரி ட்ரெய்லரை மடக்கி நிறுத்தி ஒருமுறை. கடைக்காரர் கவுன்டர் மேல் சென்சாரையும் திரையையும் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டுவதெல்லாம் சோதனையே இல்லை.

அடுத்தது அளவு வரம்பு. கார் சென்சார்கள் பல 3.5 பாரோடு, அதாவது 50 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும். வேன் டயரில் 60 அடித்திருந்தால் 50-லேயே நிற்கும், அல்லது கோடு காட்டும். லாரி வகை என்றால் 13 பார் வரை படிக்கும். சக்கர எண்ணிக்கையும் அப்படியே. பின்னால் இரட்டைச் சக்கர வேன் என்றால் ஆறு, இரட்டை ஆக்ஸில் ட்ரெய்லருக்கு நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஆகப் பதினொன்று. திரையில் நான்கு கட்டம் மட்டும் இருந்தால் பேச்சையே அங்கே முடித்துக்கொள்ளலாம். ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வேனை மட்டும் ஓட்டும்போது ட்ரெய்லர் சக்கரங்களைத் தனியாக அணைத்து வைக்கும் வசதியும் வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பீப் அடிக்கும், மூன்றாம் நாள் யாராவது ஒலியையே நிறுத்தி வைப்பார்கள். (அமெரிக்க வீடியோக்களில் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் முழுக் காரையே நான்கு சக்கரமும் உருளக் கட்டி இழுப்பார்கள். இங்கே பதிவு செய்த ட்ரெய்லரையோ பழுதான வண்டியையோதான் இழுக்கலாம். அந்த வீடியோவைக் காட்டி, அப்படிக் கட்டி இழுக்கும் கம்பிச் சட்டமான ஏ-ஃபிரேம் விற்க வருகிறவர்களிடமும் கவனம்.)

வால்வில் நடக்கிற திருட்டு இன்னும் ஆபத்தானது. பில்லில் ‘மெட்டல் வால்வு 4’ என்று போட்டிருந்தார்கள்; சக்கரத்தில் இருந்தது பழைய ரப்பர் வால்வு, மேலே குரோம் உறை. 12 கிராம் சென்சார்தானே என்று தோன்றும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வால்வு இருக்கும் இடத்தில் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ எண்பது மடங்கு விசை வெளிப்பக்கம் இழுக்கிறது. அந்த 12 கிராம் ஒரு கிலோ எடைபோல ரப்பர்த் தண்டைப் பிடித்து வளைத்துக்கொண்டே இருக்கும். அடிப்பகுதியில் வெடிப்பு விடும். ரிம்மின் வெளிப்பக்கம், தண்டின் அடியில் நட் இருந்தால் அது மெட்டல் வால்வு. நட் இல்லாமல் ரிம் ஓட்டையிலிருந்து ரப்பர் உப்பிக்கொண்டு வந்தால் ரப்பர்தான், மேலே என்ன பளபளத்தாலும். சாதாரண ரப்பர் வால்வான டிஆர்413-இன் வரம்பு 65 பிஎஸ்ஐ. இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரத்துக்கு, வால்வை நீட்டும் பின்னல் குழாயான எக்ஸ்டென்ஷன் போட்டு அதன் நுனியில் சென்சார் தொங்கவிடுவார்கள். அங்கிருந்து காற்று எளிதில் கசியும். தரமான எக்ஸ்டென்ஷனும், நுனியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் இல்லாமல் போடவே கூடாது. சென்சாரைத் திருகும்முன் மரையில் ஒரு துளி சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். அலுமினியத் தண்டில் பித்தளை மரை பிடித்துக்கொண்டால், கழற்றும்போது தண்டே முறிந்து வரும். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

சென்சார்களை வாங்கும் இடத்திலேயே ஒவ்வொன்றாக ஒரே டயரில் மாட்டிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். மூடி திறக்கிற வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். பெரும்பாலும் சிஆர்1632 போட்டிருப்பார்கள், புதிது 3 வோல்ட்டுக்குக் குறையாது. மூடியே திறக்காத வகை என்றால் பேட்டரி தீர்ந்ததும் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

பெங்களூருக்கென்று ஒரு கணக்கு உண்டு. இந்த சென்சார்கள் உள்ளுக்குள் அளப்பது வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்த முழு அழுத்தத்தை. அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7-ஐக் கழித்துக் காட்டுகிறவை நிறைய. நம் ஊர் சுமார் 920 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் 13.2 அளவுதான். அதனால் நல்ல கேஜ் 36 காட்டும் இடத்தில் சென்சார் 34 அல்லது 35 காட்டினால் அது கோளாறு இல்லை. ஆனால் ஐந்து, ஆறு பிஎஸ்ஐ வித்தியாசம் வந்தால், “ஊர் உசரம் சார்” என்று சமாளிப்பதை ஏற்காதீர்கள். உயரத்துக்கு ஒன்றரை பிஎஸ்ஐதான் கணக்கு.

எச்சரிக்கை எண்ணை எங்கே வைப்பது என்பதைக் கடையில் விடவே கூடாது. கார் செட்டின் ஃபேக்டரி எண் 26 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ட்ரெய்லருக்கு அது சாவு மணி அடித்த பிறகு வருகிற பீப். 165/80 ஆர்14, லோடு இன்டெக்ஸ் (தாங்கும் எடைக்கான குறியீடு) 85 டயர் என்றால் ஒன்று தாங்குவது 515 கிலோ, அதுவும் 36 பிஎஸ்ஐ அளவில் காற்று இருந்தால். ஜிப்ஸி கிட்டத்தட்ட ஒரு டன், அதோடு ட்ரெய்லரின் சொந்த எடை, மேலே கட்டிய ஜெர்ரி கேன், டூல்ஸ். காரின் கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 30 இதற்குப் பொருந்தாது. விடிகாலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது 36 வைத்து, கீழ் எச்சரிக்கை 31 அல்லது 32, மேல் எச்சரிக்கை 45. பெங்களூரில் 20 டிகிரியில் 36 வைத்துக் கிளம்பினால், சேலத்தில் மத்தியானம் டயருக்குள் 60 டிகிரி ஆகும்போது ஏறத்தாழ 42 காட்டும். அது இயல்பு. அங்கே நின்று காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை டயர் குறை அழுத்தத்தில் நிற்கும். நைட்ரஜன் போட்டால் ஏறாது என்று நானூறு ரூபாய் கேட்பார்கள். சூடானால் நைட்ரஜனும் இதே கணக்கில்தான் ஏறும்.

சூடு காட்டும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வு மூடியில் இருக்கிற சென்சார் காற்றோட்டத்தில் சுற்றுகிறது; அது காட்டும் வெப்பம் டயரின் உள்வெப்பமும் இல்லை, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் வெப்பமும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் ட்ரெய்லர் பிரேக் பிடித்துக்கொண்டாலோ பேரிங் காய்ந்துபோனாலோ இந்தத் திரை மூச்சே விடாது. நிறுத்துகிற இடங்களில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நான்கு ஹப்பிலும் காட்டி, ஒன்று மட்டும் எடுப்பாகச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

“டிபிஎம்எஸ் இருந்தா ஸ்டெப்னியே வேணாம்னு கவர்மென்ட்டே சொல்லிருச்சு” என்பது இந்தக் கடையின் இன்னொரு பாட்டு. 2020-இல் வந்த அந்தத் திருத்தம் 3.5 டன்னுக்கு மிகாத, ஒன்பது பேருக்கு மிகாத பயணிகள் வாகனத்துக்கு. அதுவும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இருந்தால். ட்ரெய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ட்ரெய்லர் டயரின் அளவு வேன் டயரோடு பொருந்தாது என்பதால் அதற்கென்று தனி ஸ்டெப்னியும், அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும், தாழ்வான ஆக்ஸிலுக்கு அடியில் நுழைகிற ஜாக்கியும் வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்: பெட்டி, பில், பிரித்த ‘பூஸ்டர்’ போட்டோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்தக் கடையின் பில்லில் ‘கார் ஆக்சசரீஸ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. வாய்ச்சொல் எதுவும் காகிதத்தில் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள், பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எம்ஆர்பியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ‘ட்ரெய்லருக்கான டிபிஎம்எஸ், இத்தனை சக்கரம், இத்தனை பிஎஸ்ஐ வரை, ரிப்பீட்டருடன்’ என்று ஜிஎஸ்டி எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பணத்தை எடுக்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.