பூர்வகுடிச் சமூகக்கூடம்: உள்ளேயே சீரமைப்பதா, நீட்டிக் கட்டுவதா?

அமெரிக்கப் பூர்வகுடிகளின் சமூகக்கூடத்தை, மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் தரும் பணத்தில் புதுப்பிப்பதென்றால் முதல் கேள்வியே 20 சதவீதம்தான். அளவோ கொள்ளளவோ அதற்கு மேல் மாறாமல், நிலப் பயன்பாடும் மாறாமல் வேலை செய்தால் முழு சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டாம். அதற்காக எதையுமே பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ள அபாயம், 1966-ஆம் ஆண்டின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் அப்படியே இருக்கும், பழைய கட்டடமென்றால் தரை ஓட்டிலும் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று உடைப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

சரி, பெரிய சமையலறை, இன்னொரு கூடம் என்று 20-ஐத் தாண்டினால்? முழு மதிப்பீடு, பெரிய பாதிப்பில்லை என்றால் அதற்கொரு அறிவிப்பு, மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள். அப்புறம் அஸ்திவாரம் தோண்டும்போது முன்னோர் புதைவிடமே தட்டுப்படலாம். இடம் போதுமென்றால் நான் உள்வேலையைத்தான் சொல்வேன்.